சாதா போலோவா, ஜிடியா? பழைய வண்டி எடுக்கப் போகிறவர்களுக்கு

"அண்ணே, போலோ பாத்துருக்கேன். சாதா மூணேமுக்கால் லட்சம் சொல்றாங்க, ஜிடி அஞ்சு லட்சம் சொல்றாங்க. எதண்ணே எடுக்கலாம்?"

ஃபோக்ஸ்வேகன் கம்பெனியின் போலோ காரில் சாதா மாடலை எடுப்பதா, இழுவை அதிகமுள்ள ஜிடியை எடுப்பதா என்று மாதத்தில் நாலு பேராவது போனிலோ நேரிலோ என்னிடம் கேட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ லீவில் வந்த பையன்கள். ஒரு மாத லீவில் பத்து நாள் கல்யாணம், காதுகுத்து என்று போய்விடும். மீதி நாளில் வண்டி எடுத்து, ஆசைதீர ஓட்டிப் பார்த்து, அப்பாவிடம் சாவியைக் கொடுத்துவிட்டு ஏறிப் போக வேண்டும். அந்த அவசரத்தில்தான் தப்பு நடக்கிறது.

நான் திருச்சியில் பதினோரு வருடம் கார் சர்வீஸ் சென்டரில் வேலை பார்த்துவிட்டு, இப்போது நீடாமங்கலம் பக்கத்தில் சொந்தப் பட்டறை வைத்திருக்கிறேன். போலோ என் மனசுக்குப் பிடித்த வண்டி. கதவைச் சாத்தும்போது வரும் அந்த 'தொப்' சத்தத்துக்காகவே வாங்கியவர்களை எனக்குத் தெரியும். அதனால் இந்தக் கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்ல எனக்கு மனசு வருவதில்லை. உட்கார வைத்துத்தான் சொல்வேன். இங்கேயும் அப்படியே சொல்கிறேன்.

முதலில் நீங்கள் பார்த்திருப்பது எந்த போலோ என்று தெரிய வேண்டும். 2010-ல் இங்கே விற்பனைக்கு வந்த சாதா பெட்ரோல் வண்டியில் இருப்பது 1.2 லிட்டர், மூன்று சிலிண்டர், டர்போ (காற்றை அழுத்தி உள்ளே தள்ளி இழுவையைக் கூட்டும் விசிறி) இல்லாத இன்ஜின். 75 குதிரைத்திறன், 110 நியூட்டன் மீட்டர் இழுவை. 2018-ல் அதற்குப் பதிலாக 1.0 லிட்டர் வந்தது. 76 குதிரைத்திறன், இழுவை 95-தான். ஜிடி டிஎஸ்ஐ (டிஎஸ்ஐ என்பது டர்போ பெட்ரோல் இன்ஜினுக்கு நிறுவனம் வைத்த பெயர்) 2013-ல் வந்தது. அதுவும் 1.2 லிட்டர்தான், ஆனால் நான்கு சிலிண்டர், டர்போ, 105 குதிரைத்திறன், 175 நியூட்டன் மீட்டர், டிஎஸ்ஜி என்கிற இரட்டை கிளட்ச் வைத்த ஏழு கியர் ஆட்டோமேட்டிக். அதே வருடம் ஜிடி டிடிஐ டீசலும் வந்தது. முதலில் 1.6, அடுத்த வருடமே 1.5. வந்தபோது இரண்டுமே 105 குதிரைத்திறன், 250 நியூட்டன் மீட்டர், ஐந்து கியர் மேனுவல். 2020-ல் பிஎஸ்6 மாசு விதி வந்தபோது டீசல் நின்றுவிட்டது, 1.2 டிஎஸ்ஐயும் போய்விட்டது. அந்த இடத்தில் 1.0 டிஎஸ்ஐ வந்தது. 110 குதிரைத்திறன், 175 நியூட்டன் மீட்டர். இதில் ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால், உலர்ந்த கிளட்ச் தட்டுக்குப் பதிலாக எண்ணெய் வழியே இழுவையைக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர் வைத்த ஆறு கியர் பெட்டி. 2022-ல் போலோவே நின்றுபோனது. 2016-ல் வெறும் 99 வண்டி மட்டும் வந்த 1.8 லிட்டர் ஜிடிஐ இந்தப் பேச்சில் சேராது. அது கையில் இருப்பவர் விற்கமாட்டார்.

இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், பின்கதவில் ஜிடி என்று ஒட்டியிருப்பதெல்லாம் ஜிடி இல்லை. அந்த எழுத்து சில நூறு ரூபாய்க்குக் கடையில் கிடைக்கிறது. ஆர்சியைப் பாருங்கள். சாதா 1.2 என்றால் 1198 சிசி, சிலிண்டர் 3 என்று இருக்கும். ஜிடி டிஎஸ்ஐ என்றால் 1197 சிசி, சிலிண்டர் 4. ஒரு சிசி வித்தியாசம், கண்ணில் படாது. சிலிண்டர் எண்ணிக்கை காட்டிக் கொடுத்துவிடும். 1.0 லிட்டர் வண்டிகளில் இந்த வழி செல்லாது, இரண்டுமே 999 சிசி, மூன்று சிலிண்டர். அங்கே கியர் லீவரின் தலையைப் பாருங்கள். மேனுவலில் ஐந்து கியர் போட்டிருந்தால் சாதா, ஆறு போட்டிருந்தால் டர்போ.

சாதா என்று முடிவு செய்தால் வருடத்தைப் பாருங்கள்

2014 ஜனவரியில் குளோபல் என்கேப் என்கிற பாதுகாப்புச் சோதனை அமைப்பு இந்திய வண்டிகளை மோதிப் பார்த்தது. ஏர்பேக் இல்லாத போலோவுக்கு ஒரு நட்சத்திரம்கூடக் கிடைக்கவில்லை. முன்னால் இரண்டு ஏர்பேக் வைத்த அதே போலோவுக்கு நான்கு நட்சத்திரம். அதற்கப்புறம் எல்லா போலோவிலும் இரண்டு ஏர்பேக்கை நிறுவனம் கட்டாயமாக்கியது. ஆக 2014-க்கு முந்தைய கீழ் வேரியன்ட் சாதா வண்டியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் நான் எடுக்கச் சொல்லமாட்டேன். வீட்டில் குழந்தை இருந்தால் கேட்கவே வேண்டாம். ஸ்டீயரிங்கில் ஏர்பேக் எழுத்து இருக்கிறதா, இக்னிஷன் போட்டால் ஏபிஎஸ் விளக்கும் ஏர்பேக் விளக்கும் எரிந்து அணைகிறதா என்று பார்த்துவிட்டு மேலே பேசுங்கள். ஜிடி டிஎஸ்ஐயில் ஏர்பேக், ஏபிஎஸ் இரண்டோடு ஈஎஸ்பியும் உண்டு. மழையில் வாய்க்கால் கரை வளைவில் வண்டி வழுக்கினால் சக்கரம் சக்கரமாகப் பிரேக் பிடித்து நேராக்கும் ஏற்பாடு அது. ஜிடிக்கு அதிகம் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கு இதற்காகவே கொடுக்கலாம். எனக்கு அதில் இரண்டாம் எண்ணம் கிடையாது.

நம் ரோட்டில் பிக்கப் எதற்கு?

ஜிடி வேண்டும் என்கிற பையன்களிடம் எதற்கு என்று கேட்டால், நூற்று எழுபதில் போகலாம் என்கிறார்கள். எங்கே போவாய் தம்பி? தஞ்சாவூர் – திருச்சி மாதிரி நாலுவழிச் சாலைகளை விட்டால் நமக்கு எல்லாமே வளைவும் பாலமும் மதகும்தான். ஒரு பக்கம் ஆறு, இன்னொரு பக்கம் வாய்க்கால், நடுவில் ஊர். கிலோமீட்டருக்கு ஒரு வேகத்தடை.

ஆனால் பிக்கப்புக்கு நம் ஊரில் வேலையே இல்லை என்று நினைக்காதீர்கள். இருக்கிறது. தை, மாசியில் மன்னார்குடியிலிருந்து திருவாரூர் போகிறீர்கள் என்று வையுங்கள். முன்னால் வைக்கோல் ஏற்றிய டிரெய்லர் ஒன்று. ரோட்டின் இரண்டு பக்கமும் புடைத்துக்கொண்டு முப்பதில் ஆடி ஆடிப் போகிறது. முன்னால் என்ன வருகிறது என்றே தெரியாது. வலது சக்கரத்தை நடுக்கோட்டில் வைத்து எட்டிப் பார்க்கிறீர்கள். எதிரே கொஞ்சம் இடம் இருக்கிறது, தூரத்தில் பஸ்ஸின் முகம் தெரிகிறது. சாதா வண்டி என்றால் இரண்டாவது கியருக்கு இறக்கி, இன்ஜினைக் கத்தவிட்டுத்தான் ஏற வேண்டும். அதன் 110 நியூட்டன் மீட்டர் முழுசாக வருவது இன்ஜின் நிமிடத்துக்கு 3750 சுற்று சுற்றும்போதுதான். ஏசியும் ஓடி, பின்சீட்டில் மூன்று பேரும் இருந்தால் பாதி டிரெய்லரைத் தாண்டும்போதே பஸ் கிட்டே வந்துவிடும். ஜிடி டிஎஸ்ஐ அப்படி இல்லை. 1500 சுற்றிலேயே 175-ம் வந்துவிடுகிறது. காலை அழுத்தினால் பெட்டியே கியரை இறக்கிக்கொண்டு, டிரெய்லர்க்காரர் கண்ணாடியில் பார்ப்பதற்குள் முன்னால் போய்விடும். நூறு கிலோமீட்டர் வேகத்தை எட்ட ஜிடிக்கு 9.7 விநாடி என்று நிறுவனம் சொல்கிறது. சாதாவுக்கு 14-க்கு மேல். ரோட்டில் அந்த நாலைந்து விநாடிக்கு அர்த்தம், எதிர்ப்பக்கத்தில் நீங்கள் நிற்கும் நேரம் அவ்வளவு குறைகிறது என்பதுதான்.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். நம் ஊரில் மேடு என்றால் பாலம்தான். கொல்லிமலைக்கும் ஊட்டிக்கும் வருடத்துக்கு ஒரு முறை போவதைத் தவிர வண்டிக்கு ஏற்றமே கிடையாது. கும்பகோணம் கடைத்தெரு, திருவாரூர் கலெக்டர் ஆபீஸ், பிள்ளையின் பள்ளிக்கூடம் என்று ஓடுகிற வண்டிக்கு 75 குதிரையே தாராளம். நீங்கள் வருடத்தில் எத்தனை நாள் இருவழிச் சாலையில் அறுபது, எழுபது கிலோமீட்டர் போகிறீர்கள்? வாரத்துக்கு இரண்டு நாளுக்குக் குறைவு என்றால் ஜிடியின் பிக்கப்புக்குக் கொடுக்கும் பணம் ஷெட்டில் தூங்கும்.

டிஎஸ்ஜி பெட்டியை எப்படிப் பார்ப்பது

ஜிடி டிஎஸ்ஐ வாங்குகிறவர் உண்மையில் வாங்குவது அந்தப் பெட்டியைத்தான். இன்ஜின் நன்றாக இருந்து பெட்டி போனால் லட்சத்துக்கு மேல் செலவு. பெட்டி நன்றாக இருந்து இன்ஜினில் சின்னக் கோளாறு என்றால் சமாளித்துவிடலாம்.

அதற்குள் இரண்டு கிளட்ச் இருக்கிறது. ஒன்று 1, 3, 5, 7 கியர்களுக்கு. இன்னொன்று 2, 4, 6 கியர்களுக்கும் ரிவர்ஸுக்கும். இரண்டுமே எண்ணெயில் ஊறாத உலர்ந்த தட்டுகள். உரசினால் சூடாகும், சூட்டை உறிஞ்ச எண்ணெய் கிடையாது. நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நின்றவர்களுக்குத் தெரியும், கேட் திறந்த பிறகும் வண்டிகள் அடி அடியாகத்தான் நகரும். பிரேக்கிலிருந்து காலை லேசாக எடுத்து, அரை அடி நகர்ந்து, மறுபடி மிதித்து என்று கால் மணி நேரம் செய்தால் முதல் கிளட்ச் வெந்துபோகும். டிஎஸ்ஜி ஓட்டுகிறவர் கேட்டில் நின்றால் நியூட்ரல் போட்டு ஹேண்ட்பிரேக் இழுக்க வேண்டும். முன் வண்டி நாலு வண்டி நீளம் போகவிட்டு ஒரே மூச்சில் எடுக்க வேண்டும். பின்னால் ஹாரன் அடிப்பார்கள். அடிக்கட்டும்.

பார்க்கப் போகும்போது ஐந்து நிமிடம் ஓட்டிவிட்டுக் கை குலுக்காதீர்கள். பெட்டி குளிர்ந்திருக்கும்போது எல்லாம் வெண்ணெயாகத்தான் இருக்கும். நாற்பது நிமிடமாவது ஊருக்குள் ஓட்டிச் சூடாக்குங்கள். அப்புறம் சமமான இடத்தில் நிறுத்தி, ஆக்ஸிலேட்டரைத் தொட்டும் தொடாமலும் கிளப்புங்கள். கிளம்பும்போது வண்டி உடம்பு உதறுவதுபோல் அதிர்ந்தால் முதல் கிளட்ச் தேய்ந்திருக்கிறது. முதலிலிருந்து இரண்டுக்கு மாறும்போது அதிர்ந்தால் இரண்டாவது கிளட்ச். அதை உறுதிசெய்ய ஏதாவது பாலத்துச் சரிவில் ரிவர்ஸில் மெதுவாக ஏற்றிப் பாருங்கள். இரண்டாவது கிளட்ச்தான் ரிவர்ஸையும் தாங்குகிறது, அங்கே பொய் சொல்லாது. டேஷ்போர்டில் கியர் எழுத்து மினுக்கி மினுக்கி எரிந்தாலோ, டி போட்டு ஒரு விநாடி யோசித்துவிட்டு நகர்ந்தாலோ பெட்டிக்குள் இருக்கும் எலக்ட்ரானிக்ஸும் பம்பும் சேர்ந்த மெக்கட்ரானிக்ஸ் பகுதியைச் சந்தேகப்பட வேண்டும். வண்டியின் கணினியைப் படிக்கும் ஸ்கேனர் போட்டுப் பழைய எரர்களையும் கிளட்ச் அளவுகளையும் படிக்காமல் டிஎஸ்ஜி வண்டிக்கு அட்வான்ஸ் கொடுக்கவே கூடாது. என் பட்டறைக்கு வர வேண்டும் என்றில்லை, ஸ்கேனர் வைத்திருக்கும் யாரிடமும் போகலாம். இதற்குச் சம்மதிக்காத ஆளிடம் வண்டி வாங்க வேண்டாம்.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். 2019-ல் எனக்கென்று ஒரு ஜிடி எடுத்தேன். சிவப்பு வண்டி, 41,000 கிலோமீட்டர், ஒரே ஓனர். வேலைக்காரனுக்குத் தன் கையே ஸ்கேனர் என்று நினைத்துக்கொண்டு கணினியே போடவில்லை. பிக்கப் அசாத்தியமாக இருந்தது, சந்தோஷப்பட்டேன். நாலாவது மாதம் பாபநாசம் தாண்டி வரும்போது கிளட்ச் நழுவ ஆரம்பித்தது. பிரித்துப் பார்த்தால் தட்டுகள் நீலம் பாரித்திருந்தன. அப்புறம்தான் ஸ்கேனர் போட்டேன். இன்ஜின் சாஃப்ட்வேரை யாரோ மாற்றியிருந்தார்கள், ரீமேப் என்பார்களே, அது. 175 நியூட்டன் மீட்டருக்கென்று அமைந்த கிளட்ச் அளவுகளோடு அதற்கு மேல் எவ்வளவோ இழுக்க வைத்திருக்கிறார்கள். விற்றவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தொண்ணூற்றாறாயிரம் ரூபாய் போயிற்று, அதுவும் கூலி இல்லாமல், நானே செய்ததால். அதிலிருந்து, ஜிடி வழக்கத்தை மீறிப் பாய்ந்தால் எனக்குச் சந்தோஷம் வருவதில்லை, சந்தேகம்தான் வருகிறது. காற்று வடிகட்டிப் பெட்டியில் வெளிக் கம்பெனி ஃபில்டர், தடித்த சைலன்சர் முனை, சத்தம் மாறியது, இவற்றில் ஒன்று இருந்தாலும் ரீமேப் உண்டா என்று நேராகக் கேளுங்கள்.

டர்போ இன்ஜினைப் பொறுத்தவரை நாலு விஷயம். காலையில் முதல் ஸ்டார்ட்டில் இரண்டு, மூன்று விநாடிக்கு மேல் கலகலவென்று சத்தம் வரக்கூடாது. கூலன்ட் ஊதா கலந்த சிவப்பாக இருக்க வேண்டும். பழுப்பாக இருந்தால் யாரோ போர் தண்ணீரை ஊற்றியிருக்கிறார்கள், நாகப்பட்டினம் பக்கத்து உப்புத் தண்ணீர் என்றால் உள்ளே அரித்தே இருக்கும். ஆயில் 5டபிள்யூ-40, டர்போவுக்கு ஏற்ற தரத்தில் போட்ட பில் இருக்க வேண்டும். டிஎஸ்ஐயில் பெட்ரோல் நேராகச் சிலிண்டருக்குள் பீச்சப்படுகிறது. சாதா இன்ஜினில் அது வால்வைக் கழுவிக்கொண்டு போகும், இதில் போகாது. அதனால் நாளாக ஆக இன்டேக் வால்வில் கரி படியும். ஐடிலில் நடுக்கம் இருந்தால் பிளக், காயில் மட்டும் என்று நினைக்காமல் இதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

டீசல் ஜிடி எடுப்பவர்கள் டைமிங் பெல்ட் மாற்றிய பில்லைக் கேளுங்கள். பில் இல்லை என்றால் மாற்றவில்லை என்றே கணக்கு வைத்து விலையில் கழியுங்கள். அது ஓட்டத்தில் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். 2015 டிசம்பரில் மாசு அளவு விவகாரத்தில் 3.23 லட்சம் டீசல் வண்டிகளை நிறுவனம் இந்தியாவில் திரும்ப அழைத்தது. அந்த சாஃப்ட்வேர் வேலை நடந்ததா என்று சர்வீஸ் ரெக்கார்டில் பார்க்கலாம்.

தண்ணீர் பார்த்த வண்டி

சாதாவோ ஜிடியோ, நம் பக்கத்தில் வண்டி எடுப்பவர் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்குப் பிறகும் சென்னையில் மூழ்கிய வண்டிகள் கழுவித் துடைத்து ஊர் ஊராக வந்தன. 2018 நவம்பரில் கஜா கரை கடந்த வேதாரண்யம் பக்கத்து வண்டிகளும் உண்டு.

வலங்கைமான் தம்பி ஒருவர் போன வருடம் ஒரு ஜிடி டிஎஸ்ஐ பார்த்தார். 2016 மாடல், சென்னை வண்டி, சந்தை விலையைவிட எழுபதாயிரம் குறைவு. புரோக்கர் தஞ்சாவூரில் வைத்திருந்தார், நானும் போனேன். பெயின்ட் பளபளவென்று, உள்ளே மல்லிகைப்பூ வாசனை. அந்த வாசனைதான் எனக்குப் பிடிக்கவில்லை. டிரைவர் சீட் பெல்ட்டைப் பிடித்து மெதுவாகக் கடைசிவரை இழுத்தேன். முதல் மூன்று அடி சுத்தமான கறுப்பு. அதற்குப் பிறகு, சாதாரணமாக யாரும் இழுக்காத நீளத்தில், நெய்த நூலுக்குள் புழுதி நிறத்தில் ஒரு பட்டை. விரலால் தேய்த்தேன், மாவு மாதிரி ஒட்டியது. வண்டலில் பிறந்து வளர்ந்தவனுக்கு அது என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். அப்புறம் ஸ்டெப்னியைத் தூக்கினோம், அதன் குழியின் விளிம்பில் அதே வண்டல். சீட் தண்டவாளத்தின் போல்ட்டுகளில் துரு. தம்பி என் முகத்தைப் பார்த்தார், நான் தலையை ஆட்டினேன். புரோக்கரிடம் எதுவும் சண்டை போடாமல் டீ குடித்துவிட்டு வந்துவிட்டோம்.

நீங்களும் அதையே செய்யுங்கள்: பெல்ட்டைக் கடைசிவரை இழுப்பது, ஸ்டெப்னியைத் தூக்குவது, கால் மிதியடிக்குக் கீழே கார்ப்பெட்டை ஓரத்தில் கிளப்பி அடிப்பஞ்சைக் கையால் அழுத்துவது. முகப்பு விளக்குக்குள் நீர்க்கோடு இருக்கிறதா என்று டார்ச் அடிப்பது. இன்ஜின் தண்ணீர் குடித்திருந்தால் கனெக்டிங் ராடு லேசாக வளைந்திருக்கும். கம்ப்ரஷன் பார்த்தால் ஒரு சிலிண்டர் மட்டும் குறைவாகக் காட்டும். தண்ணீர் பார்த்த வண்டியில் சாதாவைவிட ஜிடி மோசம், ஏனென்றால் கெட்டுப்போகக் கணினிகளும் சென்சார்களும் அதில் அதிகம், மெக்கட்ரானிக்ஸும் பெட்டியோடு கீழே இருக்கிறது. எலிக்கும் இதே கணக்குதான். சம்பா அறுப்பு முடிந்ததும் வயல் எலி வீட்டுக்கு வரும், வெதுவெதுப்பான பானெட்டுக்குள் ஏறும். பேட்டரிக்குப் பக்கத்தில் வைக்கோல் துண்டு, வயரில் புது டேப் சுற்று, இவை கண்ணில் பட்டால் விடாமல் விசாரியுங்கள்.

பணம்

ஐந்து லட்சம் கையில் இருக்கிறது என்றால் ஐந்து லட்சத்துக்கு ஜிடி பார்க்காதீர்கள். ஜிடி டிஎஸ்ஐ எடுப்பவர் ஒரு லட்சத்தைத் தனியாக வங்கியில் வைத்துவிட்டு நாலு லட்சத்துக்குத்தான் தேட வேண்டும். அந்த விலைக்கு நல்ல ஜிடி கிடைக்கவில்லையா, சாதாவுக்கு இறங்குங்கள், அல்லது ஆறு மாதம் பொறுங்கள். சாதாவுக்கு நாற்பதாயிரம் ஒதுக்கினால் போதும்: நாலு டயர், சஸ்பென்ஷன் புஷ், பேட்டரி, ஒரு முழு சர்வீஸ்.

சாதாவை எடுத்து ஜிடி மாதிரி ஆக்கலாம் என்று மட்டும் கிளம்பாதீர்கள். பெரிய அலாய், சைலன்சர், ஸ்பாய்லர் என்று ஒன்றரை லட்சம் போட்டவர்களின் வண்டி வாரம் ஒன்று வருகிறது. டர்போ இல்லாத இன்ஜின் அலாய் மாற்றினால் இழுத்துவிடாது. பெரிய சக்கரம் அதைக் கொஞ்சம் மந்தமாகத்தான் ஆக்கும், நம் வேகத்தடைகளில் ரிம்மும் வளையும். விற்கும்போது அந்தப் பணத்தில் ஒரு ரூபாய்கூடத் திரும்பாது.

மன்னார்குடி டீச்சர் ஒருவருக்குத் தினம் திருவாரூர் போய் வர வேண்டும், அறுபது கிலோமீட்டர் சொச்சம். முழங்கால் வலி, கிளட்ச் மிதிக்க முடியவில்லை. ஜிடி ஆசை அவருக்கு நிறையவே இருந்தது. "டீச்சர், கொஞ்சம் கூட ஆனாலும் பரவாயில்லை, 2020-க்குப் பிந்தைய 1.0 டிஎஸ்ஐ ஆட்டோமேட்டிக் எடுங்க"ன்னு சொன்னேன். டார்க் கன்வர்ட்டர் பெட்டி ரயில்வே கேட்டில் அடி அடியாக நகர்ந்தாலும் தாங்கும். பிக்கப் பழைய ஜிடி அளவுக்கே இருக்கிறது. மேனுவல் ஓட்டத் தெரிந்து, தினம் நீளமாக ஓடுகிறவருக்கு 1.5 ஜிடி டிடிஐ நல்ல தேர்வு. வயசான அப்பா ஊருக்குள் ஓட்டப் போகிறார் என்றால், 2015-க்குப் பிந்தைய சாதா பெட்ரோல் மேனுவல். எந்த ஊர் மெக்கானிக்கும் கை வைப்பார். 1.2 ஜிடி டிஎஸ்ஐ யாருக்கு? வண்டியை நேசித்து, சர்வீஸ் புத்தகத்தைப் பத்திரமாக வைத்து, வாரம் இரண்டு முறையாவது நீளமாக ஓட்டி, கையில் ஒரு லட்சம் மிச்சம் வைத்திருப்பவருக்கு. அப்படிப்பட்டவர் தயங்கவே வேண்டாம். அந்த விலைக்கு அவ்வளவு சந்தோஷம் தரும் வேறு வண்டியை நான் ஓட்டியதில்லை.

காகிதமும் முதல் வாரமும்

எம்பரிவாகன் என்கிற அரசு செயலியில் நம்பரைப் போட்டு எத்தனையாவது ஓனர், கடன் நிலுவை, இன்சூரன்ஸ் தேதி பாருங்கள். கடன் இருந்தால் பாரம் 35-ம் பேங்க் கடிதமும், பெயர் மாற்றத்துக்கு 29, 30-ம் வேண்டும். டெல்லி வண்டி மலிவாக வரும். அங்கே பழைய டீசல் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு வந்ததால் தள்ளிவிடுகிறார்கள். அங்கே ஆட்சேபனை இல்லை என்று என்ஓசி வாங்கி, இங்கே வரி கட்டி, டிஎன் 50-ஓ 68-ஓ என்று நம் ஊர் நம்பர் போடுவதற்குள் மலிவு கரைந்துவிடும். கூட்டிப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

பார்க்கப் போகும் நாளன்று, காலையில் நீங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் முன்பே ஓட்டிச் சத்தத்தை மறைத்திருக்கிறார் என்று எடுத்துக்கொண்டு இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்புங்கள்.

வண்டி வீட்டுக்கு வந்த முதல் வாரத்தில் ஆயில், கூலன்ட், காற்று வடிகட்டி, பிளக் நான்கையும் மாற்றிவிடுங்கள், விற்றவர் நேற்றுத்தான் மாற்றினேன் என்றாலும். கடைசியாக மாற்றிய கிலோமீட்டரை ஒரு அட்டையில் எழுதி டேஷ்போர்டுக்குள் வையுங்கள். இன்ஜினுக்கு அடியில் எலி ஏறும் வழியைச் சல்லடைக் கம்பி வைத்து அடைக்கச் சொல்லுங்கள், முந்நூறு ரூபாய் வேலை. வலங்கைமான் தம்பி கடைசியில் திருச்சியில் ஒரு டாக்டரிடம் 2017 மாடல் ஜிடி டிஎஸ்ஐ எடுத்தார், 58,000 கிலோமீட்டர், ஒரு பில் விடாமல். அவர் சிங்கப்பூர் திரும்பிவிட்டார். அவருடைய அப்பா மாதம் ஒரு முறை அந்தச் சல்லடையில் வைக்கோல் சிக்கியிருக்கிறதா என்று பார்க்கக் கொண்டுவருகிறார், கேட்டில் நியூட்ரல் போட்டேன் என்று வந்ததும் முதல் வேலையாகச் சொல்கிறார்.